பன்மை காக்கும் பழப்பூச்சி

நுழையும்முன்

தக்கது நிலைக்கும், தகாதது மறையும் என்பது இயற்கைத் தேர்வைப் பற்றி நாம் கற்ற பாடம். அப்படியாயின், காலப்போக்கில் ஓர் உயிரினத்தில் மிகத் தக்க ஒரே வகை மட்டுமே எஞ்சியிருக்க வேண்டும். ஆனால், காட்டிலும் தோட்டத்திலும் வாழும் எந்த உயிரினத்தை எடுத்துப் பார்த்தாலும் அதனுள் எண்ணற்ற வேறுபாடுகள் இருக்கின்றன. இந்த முரணை விளங்கிக்கொள்ள நூறாண்டுகளாக அறிவியலாளர்கள் நாடிச் செல்லும் உயிர், எள்ளளவே உள்ள ஒரு பூச்சி. அதன் கதை திருக்கடையூரில் தொடங்குகிறது.

திருக்கடையூரில் எந்நாளும் மணநாள்தான். மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடிக்கு அருகில், காவிரிப் படுகையின் வயல்கள் கடலை நெருங்கும் இடத்தில் அமைந்துள்ளது இவ்வூர். அறுபது நிறைந்தவர்களும் எண்பது கண்டவர்களும் இங்குள்ள அமிர்தகடேசுவரர் அபிராமி திருக்கோயிலுக்கு வந்து, மக்களும் பேரமக்களும் சூழ்ந்து நிற்க, மீண்டும் ஒருமுறை மாலை மாற்றிக்கொள்கின்றனர். அந்தக் கூட்டத்தில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு விளையாட்டு உண்டு. பெரியவரின் கூரிய மூக்கு மகனிடம் இல்லை; மகளின் குழந்தையிடம் இருக்கிறது. பாட்டியின் சுருள்முடி ஒரு தலைமுறையைத் தாண்டிப் பேத்திக்கு வந்திருக்கிறது. "இது யார் சாயல்?" என்னும் கேள்வி எல்லாக் குடும்பத்திலும் எழும். ஒரே குருதிவழியில் வந்த இருபது பேரில் இருவர் ஒன்றுபோல் இருப்பதில்லை.

அதே கோயில் வாயிலில், பூசைத் தட்டுக்காக அடுக்கிய வாழைப்பழச் சீப்புகளின் மேல் சில சிற்றுயிர்கள் வட்டமிடுகின்றன. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், பழுப்பு மஞ்சள் உடல், செந்நிறக் கண்கள். கனிந்து நொதிக்கத் தொடங்கும் பழத்தின் மணம் அவற்றை அழைத்து வருகிறது. நாம் அவற்றைக் கையால் விரட்டிவிட்டுப் போகிறோம். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய யாரும் முயல்வதில்லை. எல்லாம் ஓர் அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. உயிரியலில் இவை டிரோசோபிலா எனப்படுகின்றன. மாங்காயையும் பாகற்காயையும் துளைத்துக் கெடுக்கும் பழ ஈ வேறு. அது உழவரின் பகை. இது நொதிக்கும் பழத்திலுள்ள ஈஸ்ட்டை உண்டு வாழும் எளிய உயிர். குழப்பம் நேராதிருக்க, இதைப் பழப்பூச்சி என்றே குறிப்போம்.

இந்தப் பூச்சிகளும் அந்தக் குடும்பத்தினரைப் போலவே ஒன்றுக்கொன்று வேறுபட்டவையா? வேறுபட்டவை எனில், அவ்வேறுபாடு ஏன் தேய்ந்து அழியவில்லை?

கலவன் எடுக்கும் கை

இரண்டாவது வினாவின் கடுமையை விதை நெல் வயலில் நின்று பார்த்தால் உணரலாம். விதைக்கென நெல் வளர்ப்பவர், பயிரின் நடுவே உயரத்திலோ கதிரின் நிறத்திலோ மாறுபட்டு நிற்கும் செடிகளைக் கண்டால் பிடுங்கி எறிவார். இதற்குக் கலவன் எடுத்தல் என்று பெயர். சில பருவங்கள் தொடர்ந்து இவ்வாறு செய்தால், வயல் முழுவதும் ஒரே வகையாகிவிடும். இயற்கைத் தேர்வும் இத்தகைய கலவன் எடுக்கும் கை எனில், கோடிக்கணக்கான தலைமுறைகளுக்குப் பின்னும் அது வேலையை முடிக்கவில்லையே, ஏன்?

மரபுப் பண்புகள் கடத்தப்படும் முறையே வேறுபாட்டை அழித்துவிடுவதில்லை என்பதை 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டியும் ஜெர்மனியின் மருத்துவர் வெயின்பெர்க்கும் தனித்தனியே காட்டினர். ஒரே மரபணு பல வடிவங்களில் இருக்கக்கூடும். உயிரியல் பாடநூலில் அல்லீல் என்று படிக்கும் அவ்வடிவங்களை இங்கு மாற்றுரு என்போம். ஒவ்வோர் உயிரும் ஒரு மாற்றுருவைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. புறவிசை எதுவும் குறுக்கிடாத பெரிய கூட்டத்தில், மாற்றுருக்களின் விகிதம் தலைமுறைதோறும் அப்படியே இருக்கும். பாலில் கலந்த நீர் போல அவை ஒன்றில் ஒன்று கரைந்துபோவதில்லை. கொட்டி வைத்த சோழிகள் போலத் தனித்தனியாகவே இருக்கின்றன.

ஆனால், புறவிசைகள் குறுக்கிடாத கூட்டம் உலகில் ஏது? தேர்வு ஒருபுறம் குறைக்கிறது. தற்செயல் ஒருபுறம் இழக்கச் செய்கிறது. திடீர்மாற்றம் புதிய மாற்றுருக்களைத் தருகிறது என்றாலும், அது மிக மெல்லச் சொட்டும் ஊற்று. அதை மட்டும் நம்பினால் குளம் நிறையாது.

கண்ணுக்குப் படாத வேறுபாடு

குளம் நிறைந்திருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910ஆம் ஆண்டு செங்கண் பூச்சிகளிடையே ஒரு வெண்கண் பூச்சியைக் கண்டார். அதிலிருந்து ஆய்வகக் குப்பிகளில் பழப்பூச்சிகள் வளர்ந்து பெருகின. வெண்கண், சுருங்கிய சிறகு போன்ற மாறுபாடுகள் குப்பியில்தான் தோன்றின. தோட்டத்துப் பூச்சிகள் பார்வைக்கு ஒரே மாதிரியாகவே இருந்தன. ஆகவே, காட்டுக் கூட்டங்களில் வேறுபாடு அரிது என்று பலர் எண்ணினர்.

உருசிய அறிஞர் செர்கெய் செட்வெரிகோவ் அவ்வாறு எண்ணவில்லை. 1925ஆம் ஆண்டில் கருங்கடற்கரை ஊரான கெலன்ஜிக்கில் பிடிக்கப்பட்ட 239 பெண் பூச்சிகளைத் தனித்தனிக் குப்பிகளில் இட்டு, அவற்றின் வழித்தோன்றல்களைத் தமக்குள்ளேயே இணையவிட்டார். தாய்ப்பூச்சிகள் பார்வைக்கு இயல்பானவை. பின்வந்த தலைமுறைகளிலோ முப்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் மாறுபாடுகள் வெளிப்பட்டன. ஒடுங்கு பண்புகளாக அவை தாயின் உடலுக்குள் ஒளிந்திருந்தன. சில ஆண்டுகளிலேயே, 1929இல், அவர் கைதாகி நாட்டின் வேறொரு பகுதிக்கு வெளியேற்றப்பட்டார். அவருடைய ஆய்வுக் குழுவும் கலைந்தது. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி கலையவில்லை.

ஒளிந்திருத்தல் என்பதன் ஆற்றலை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒரு கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவில் ஓர் ஒடுங்கு மாற்றுரு இருப்பதாகக் கொள்வோம். பத்தாயிரம் பூச்சிகளில் அது இரட்டையாகச் சேர்ந்து வெளிப்படுவது ஒரே ஒரு பூச்சியில்தான். 198 பூச்சிகள் அதை ஒற்றையாகச் சுமந்துகொண்டு இயல்பாகவே வாழ்கின்றன. அம்மாற்றுரு தீயதே என்றாலும், தேர்வின் கைக்கு அகப்படுவது அந்த ஒன்று மட்டுமே. திருக்கடையூரில் பாட்டியின் சுருள்முடி ஒரு தலைமுறை மறைந்து பேத்தியிடம் தலைகாட்டியதன் பின்னணியிலும் இத்தகைய மறைவு இருக்கக்கூடும்.

ஒளிந்திருப்பது எவ்வளவு என்பதில் நெடுநாள் வழக்கு நடந்தது. பெரும்பாலான மரபணுக்களுக்கு இயல்பான வடிவம் ஒன்றே. மாறியவை பெரும்பாலும் சுமை என்றார் ஹெர்மன் முல்லர். வேறுபாடே இயல்பு, இயல்பான வடிவம் என்று ஒன்றைச் சுட்டுவதே பிழை என்றார் தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி. இருவரும் பழப்பூச்சியை நன்கறிந்தவர்கள். 1966ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு லெவொன்டினும் ஜான் ஹப்பியும் பூச்சியின் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு, அவை நகரும் வேகத்தைக் கொண்டு மரபணு வேறுபாட்டை நேரடியாக அளந்தனர். ஆய்ந்த 18 மரபணுக்களில், சராசரியாக ஒரு கூட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருந்தது. ஒரு தனிப் பூச்சியின் மரபணுக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் தாயின் வடிவமும் தந்தையின் வடிவமும் வேறுபட்டிருந்தன. குளம் நிறைந்துதான் இருந்தது. அதை நிறைத்து வைப்பது எது என்பதே எஞ்சிய வினா.

மாலையில் திருப்பிக் கட்டிய துண்டு

இவ்வினாவுக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு நல்ல சான்று கிடைக்கிறது. டிரோசோபிலா அனனாசே என்பது மனிதர் வாழும் இடங்களை ஒட்டியே வாழும் பழப்பூச்சி இனம். பழக்கடை, காய்கறிச் சந்தை, வீட்டு அடுக்களை ஆகியவையே அதன் வாழிடம். வெப்ப நாடுகள் எங்கும் பரவியுள்ள இவ்வினம், 1858ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்டது. வாரணாசியிலுள்ள காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. என். சிங்கும் அவருடைய மாணவர்களும் பல்லாண்டுகள் இதனை ஆய்ந்தனர். வடக்கே ஜம்மு முதல் தெற்கே கன்னியாகுமரி வரையும், மேற்கே துவாரகை முதல் கிழக்கே திப்ருகர் வரையும் 45 ஊர்களிலிருந்து பூச்சிகளைத் திரட்டி ஒப்பிட்டனர். இதன் அறிக்கை 2007இல் வெளியானது. பழக்கடைதோறும் குப்பியுடன் நின்ற அந்த ஆய்வாளர்களைக் கடைக்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர்கள் தேடியது குரோமோசோம்களில் நேரும் தலைகீழ்த் திருப்பங்களை. ஒரு பூமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு துண்டை வெட்டி, தலையைக் காலாகத் திருப்பி, மீண்டும் அதே இடத்தில் கட்டுகிறோம். பூக்களின் எண்ணிக்கை மாறவில்லை, வரிசை மாறிவிட்டது. குரோமோசோமிலும் இவ்வாறே ஒரு பகுதி திரும்பிவிடுவதுண்டு. பழப்பூச்சிப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் மிகப் பெரியனவாகவும் வரிவரியாகவும் இருப்பதால், நுண்ணோக்கியில் வரிகளின் ஒழுங்கைக் கொண்டே திருப்பத்தை அடையாளம் காணலாம். திரும்பிய துண்டும் திரும்பாத துண்டும் ஒரே பூச்சியில் இணையாக அமையும்போது, அப்பகுதியில் மரபணுக்கள் இடம் மாறிக் கலப்பது பெரிதும் தடைப்படுகிறது. அதனால், ஒன்றுக்கொன்று ஒத்துழைக்கும் மரபணுக்கள் பிரியாமல் ஒரு மூட்டையாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன.

அனனாசே இனத்தில் ஆல்ஃபா, டெல்டா, ஈட்டா என்னும் மூன்று திருப்பங்கள் உலகெங்கும் காணப்படுகின்றன. இந்தியக் கூட்டங்களிலும் இம்மூன்றும் உள்ளன. ஆனால், அவற்றின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. தென்னிந்தியாவிலும் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் திருப்பங்கள் மிகுதி. இன்னும் வியப்பான செய்தி ஆய்வகத்தில் கிடைத்தது. காட்டிலிருந்து கொண்டுவந்த கூட்டங்களைக் குப்பிகளில் பல தலைமுறைகள் வளர்த்தபோதும், பலவற்றில் திரும்பிய வடிவமும் திரும்பாத வடிவமும் அழியாமல் சேர்ந்தே நீடித்தன. இரண்டையும் ஒவ்வொன்றாகச் சுமந்த பூச்சிகள் அக்கூட்டங்கள் சிலவற்றில் மேம்பட்டு நின்றன.

இந்த மேம்பாடு எப்படிப் பன்மையைக் காக்கும்? கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 'அ' வடிவம் இரட்டையாக உள்ள முட்டைகளில் நூற்றுக்கு 90 பிழைக்கின்றன. 'ஆ' இரட்டையாக உள்ளவற்றில் 80. இரண்டும் கலந்தவற்றில் 100. 'அ'தானே 'ஆ'வைவிடச் சிறந்தது, 'ஆ' அழிந்துபோகும் என்று தோன்றும். ஆனால், 'ஆ' அரிதாகும்போது அது பெரும்பாலும் 'அ'வுடன் இணைந்தே இருக்கும். அவ்விணை எல்லாவற்றினும் நன்கு பிழைப்பதால் 'ஆ' மீண்டும் பெருகும். 'அ' அரிதாகும்போதும் இதுவே நிகழும். இறுதியில் 'அ' மூன்றில் இரண்டு பங்கு, 'ஆ' மூன்றில் ஒரு பங்கு என்னும் அளவில் வந்து நிலைக்கும். எங்கிருந்து தொடங்கினாலும் அதே அளவுதான். டாப்ஷான்ஸ்கியும் சூவல் ரைட்டும் 1940களில் இதற்கு நிகரான ஒன்றைக் கூண்டுகளில் கண்முன் காட்டினர். அமெரிக்கப் பழப்பூச்சி இனம் ஒன்றின் இரு குரோமோசோம் வடிவங்களை ஒரு பெரிய கூண்டில் கலந்துவிட்டபோது, 25 பாகை வெப்பத்தில் ஒரு வடிவம் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டி நின்றுவிட்டது; மற்றது அழியவில்லை. வெப்பத்தை 16.5 பாகைக்குக் குறைத்தபோதோ விகிதத்தில் மாற்றமே இல்லை. தேர்வு என்பது மரபணுவில் மட்டும் உறைவதன்று, சூழலோடு சேர்ந்தே செயல்படுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நீலகிரியில் ஒரு விலை

கலப்பிணையின் மேன்மை என்று படிக்கும்போது அது ஏதோ இனிய ஏற்பாடு போலத் தோன்றுகிறது. அதன் மறுபக்கத்தைப் பூச்சியிடம் பார்த்தால் நமக்கு உறைக்காது; மனிதரிடம் பார்க்க வேண்டும். 1952ஆம் ஆண்டில் எர்மான் லெமனும் மேரி கட்புஷும் நீலகிரி மலைவாழ் பழங்குடி மக்களிடையே அரிவாள் வடிவ இரத்த அணுவுக்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தனர். அம்மாற்றுருவை ஒற்றையாகப் பெற்றவர்க்குக் கடும் மலேரியாவிலிருந்து பெரும் பாதுகாப்பு உண்டு என்பதை ஆப்பிரிக்காவில் அந்தோணி ஆலிசன் 1954இல் காட்டினார். இத்தகைய தொடர்பு இரத்தசோகை நோய்களுக்கும் மலேரியாவுக்கும் இடையே இருக்கக்கூடும் என்று 1949இலேயே எழுதியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்; பிற்காலத்தில் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

ஒற்றையாகப் பெற்றவர் காக்கப்படுகிறார். இரட்டையாகப் பெற்ற குழந்தைக்கோ வலியும் இரத்தசோகையும் வாழ்நாள் முழுவதும். கூட்டம் முழுமைக்கும் பார்த்தால் சமநிலை. ஒரு வீட்டுக்குள் பார்த்தால் துயரம். இயற்கையின் சமநிலை என்னும் சொற்றொடரை நாம் பாராட்டுரையாகவே பயன்படுத்திப் பழகிவிட்டோம். அதில் அன்பும் இல்லை, அறமும் இல்லை. பெருக்கலும் கழித்தலும் மட்டுமே உள்ளன. அக்குழந்தையின் துயரைக் குறைக்கும் பொறுப்பு மருத்துவத்தினுடையது. இயற்கை அதை ஏற்பதில்லை.

இடத்துக்கு ஒரு தேவை

எல்லா மரபணுக்களும் கலப்பிணையால் காக்கப்படுவன அல்ல. ஓரிடத்தில் நன்மையாவது மற்றோரிடத்தில் தீமையாகும்போதும் பன்மை நிலைக்கும். ரோத்தக்கிலுள்ள மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரவி பர்காஷ் குழுவினர், பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் இணைந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. இந்தியாவின் தென்கோடியிலிருந்து வடக்கு நோக்கிப் பல ஊர்களின் பழப்பூச்சிகளை எடுத்து, உணவின்றி எத்தனை மணி நேரம் வாழ்கின்றன, உலர்ந்த காற்றில் எத்தனை மணி நேரம் வாழ்கின்றன என்று பார்த்தனர். தெற்கத்திப் பூச்சிகள் பட்டினியை நெடுநேரம் தாங்கின. வடக்கத்திப் பூச்சிகள் உலர்வை நெடுநேரம் தாங்கின. ஒன்றல்ல, மூன்று இனங்களில் இதே போக்கு. அவற்றுள் அனனாசேயும் ஒன்று. ஆய்வகத்தில் ஒரே நிலையில் வளர்த்த பின்னும் இவ்வேறுபாடு தொடர்ந்ததால், இது மரபில் பதிந்த வேறுபாடு என்பது உறுதியாயிற்று.

கடற்காற்றின் ஈரம் குறையாத திருக்கடையூர்ப் பகுதியில் உலர்வைத் தாங்கும் மரபணுவுக்குப் பெரிய மதிப்பு இல்லை. இராசத்தான் எல்லையில் அதுவே உயிர். ஆனால், பழம் பயணிக்கிறது. லாரியில் வரும் ஒரு கூடை மாதுளையோடும் திராட்சையோடும் வெளியூர்ப் பூச்சிகளும் வந்து சேர்கின்றன. தம் மாற்றுருக்களை இவ்வூர்க் கூட்டத்தில் கலக்கின்றன. இடம் பிரித்து வைக்கிறது. பயணம் கலந்து வைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று முழுதாக வெல்வதில்லை.

அந்தாதிக் காலம்

இடம் மாறாமல் காலம் மாறினாலும் போதும். அபிராமி அந்தாதி பிறந்த ஊர் திருக்கடையூர். ஒரு பாடலின் ஈற்றுச்சொல் அடுத்த பாடலின் முதற்சொல்லாக வருவதும், நூறாம் பாடலின் முடிவு முதற்பாடலின் தொடக்கத்தோடு இணைந்து மாலைபோல் மண்டலிப்பதும் அந்தாதியின் அமைப்பு என்பதை அறிவீர்கள். பழப்பூச்சியின் ஆண்டும் அவ்வாறு மண்டலிக்கிறது.

கலிபோர்னியாவின் சான் ஜசின்டோ மலையில் மாதந்தோறும் பூச்சிகளைப் பிடித்துக் குரோமோசோம்களை எண்ணிய டாப்ஷான்ஸ்கி, ஒரு வடிவம் வசந்த காலத்தில் குறைந்து, கோடையில் மீண்டும் பெருகுவதைக் கண்டார். மற்றொரு வடிவம் அதற்கு எதிராக ஏறி இறங்கியது. அடுத்த ஆண்டும் அதே ஏற்ற இறக்கம். படிமலர்ச்சி என்பது பல்லாயிரம் ஆண்டுகளில் மட்டுமே தெரியவரும் என்று நம்பியிருந்த காலத்தில், அது ஒரே ஆண்டுக்குள் முன்னும் பின்னும் நடக்கிறது என்பது பெரும் வியப்பு. வெதுவெதுப்பான சூழலில் முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சியாக ஏறத்தாழ பத்து நாள்களே போதும். ஆகவே, ஒரு பருவத்துக்குள் பல தலைமுறைகள் கழிந்துவிடுகின்றன. பிற்காலத்தில் பென்சில்வேனியாவின் பழத்தோட்டம் ஒன்றில் ஆலன் பெர்க்லேண்டும் உடன் ஆய்ந்தோரும் மூன்றாண்டுகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பூச்சிகளைத் திரட்டி, அவற்றின் டி.என்.ஏ. முழுவதையும் படித்தனர். 2014இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கணக்கான இடங்களில் மாற்றுருக்களின் விகிதம் பருவத்தோடு ஊசலாடியது. குளிர்காலம் தேர்ந்தெடுத்ததைக் கோடை விலக்கியது. கோடை வளர்த்ததைக் குளிர் குறைத்தது. எந்தத் தரப்பும் வெல்லும் முன் பருவம் மாறிவிடுகிறது.

நம் படுகையில் பனிக்காலம் என ஒன்று கடுமையாக இல்லை. ஆயினும், குறுவை அறுவடைக்குப் பின் ஐப்பசி, கார்த்திகையில் விடாது பெய்யும் மழையும், சித்திரையின் அக்கினி வெயிலும் ஒரே உடலமைப்பைக் கேட்பவை அல்ல. இங்கும் பழப்பூச்சிகளை மாதந்தோறும் எண்ணினால் என்ன தெரியவரும்? ஒரு நுண்ணோக்கியும் பொறுமையும் உள்ள மாணவர் தொடங்கத்தக்க வேலை அது.

அரிதாயிருப்பதன் பயன்

கூட்டத்தில் சிலராக இருப்பதே சில வேளைகளில் வலிமை. கனடாவின் டொரன்டோ நகரப் பழத்தோட்டத்தில் பழப்பூச்சிப் புழுக்கள் இருவகையாக நடந்துகொள்வதை மார்லா சொகொலோவ்ஸ்கி 1980இல் விவரித்தார். உணவின் மேல் நெடுந்தொலைவு ஊர்ந்து திரிவன ஒருவகை. இருந்த இடத்திலேயே தங்கி உண்பன மற்றொரு வகை. வேறுபாட்டுக்குக் காரணம் ஒரே மரபணு. திரிபவை பத்தில் ஏழு, தங்குபவை மூன்று என்னும் அளவில் இருந்தன. உணவு போதாத நிலையில் இரண்டையும் கலந்து வளர்த்தபோது, எந்த வகை குறைவாக இருந்ததோ அதுவே நன்கு பிழைத்தது என்று 2007இல் அவருடைய குழுவினர் காட்டினர். எல்லாரும் திரியும் இடத்தில் தங்குபவர்க்குப் போட்டி குறைவு. எல்லாரும் தங்கும் இடத்தில் திரிபவர்க்கு வழி திறந்திருக்கும். அரிய வகை ஆண் பூச்சிகளையே பெண் பூச்சிகள் மிகுதியாக விரும்புகின்றன என்றும் முன்பே சிலர் கண்டிருந்தனர். அதை ஐயுற்றவர்களும் உண்டு.

இவை அனைத்தும் தேர்வே பன்மையைத் தாங்குகிறது என்னும் தரப்பு. ஜப்பானிய அறிஞர் மோட்டோ கிமுரா 1968இல் வேறொரு தரப்பை முன்வைத்தார். மூலக்கூறு அளவில் காணும் வேறுபாடுகளில் பெரும்பகுதி நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. திடீர்மாற்றத்தால் தோன்றி, தற்செயலால் பெருகியோ மறைந்தோ போகின்றன என்றார் அவர். தற்செயலின் வலிமை கூட்டத்தின் அளவைப் பொறுத்தது. ஒரு வெள்ளத்துக்குப் பின் ஓர் ஊரில் பத்தே பூச்சிகள் எஞ்சி, அவற்றிலுள்ள இருபது மாற்றுருக்களில் ஒன்று மட்டும் தனித்தன்மை உடையது என்று கொண்டால், அது அடுத்த தலைமுறையிலேயே இல்லாது போக மூன்றில் ஒன்றுக்கும் சற்று மேலான வாய்ப்பு உண்டு. அது நல்ல மாற்றுருவாக இருந்தாலும் இவ்வாறு இழக்கப்படக்கூடும். கோடிக்கணக்கில் வாழும் கூட்டத்தில் தற்செயல் இத்தனை கொடியதன்று. கிமுராவின் கருத்தை ஒதுக்கிவிட முடியாது, டி.என்.ஏ. வேறுபாடுகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது அவர் சொன்னதில் பேருண்மை இருக்கிறது. ஆனால், பருவத்தோடு ஊசலாடும் மரபணுக்களைத் தற்செயல் விளக்காது. எந்த மரபணு எந்தக் கணக்கில் வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இன்றைய ஆய்வின் போக்கு.

வயலுக்கு வந்த வினா

பழப்பூச்சியின் மரபணுவில் என்ன இருந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். காவிரிப் படுகை உழவர் அப்படிக் கேட்க மாட்டார். அவருக்குப் புகையானைத் தெரியும். நெற்பயிரின் தண்டில் அடியில் கூடிச் சாறுறிஞ்சி, வயலைத் தீய்ந்தாற்போல் ஆக்கும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி அது. பழப்பூச்சிக்கு அது உறவன்று. எனினும், கூட்டத்துக்குள் பன்மை ஒளிந்திருத்தல் என்பது இரண்டுக்கும் பொது.

புகையானைத் தாங்கும் நெல்லாக ஐ.ஆர். 26 என்னும் வகையைப் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் வெளியிட்டது. அதன் பெற்றோரில் ஒன்று நம் தமிழ்நாட்டுத் திரூர்க்குப்பம் ஆய்வு நிலையத்தின் டி.கே.எம். 6. தென்கிழக்கு ஆசியாவில் பெரும்பரப்பில் அந்த ஒரே வகை பயிரானது. ஓரிரு பருவங்கள் நலமாயிருந்தது. பிறகு மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அதையே உண்டு வாழும் புகையான்கள் பெருகிவிட்டன. அப்பூச்சிகள் புதிதாக எங்கிருந்தோ வந்தவை என்று கொள்ள வேண்டியதில்லை. அத்தகைய திறனுடைய சில, கூட்டத்துக்குள் அரிதாக இருந்திருக்கும். பல வகை நெல் விளைந்த காலத்தில் அவற்றுக்குத் தனிச்சிறப்பு இல்லை. எங்கும் ஒரே நெல் என்றானதும், எல்லாத் திசையிலிருந்தும் இழுத்துக்கொண்டிருந்த விசைகள் ஒரே திசையில் இழுக்கத் தொடங்கின. இந்தியாவின் புகையான்களோ ஐ.ஆர். 26இன் தாங்கும் திறனைத் தொடக்கத்திலேயே பொருட்படுத்தவில்லை. அவற்றுக்கு எதிராக நின்றவை பட்டாம்பியின் பி.டி.பி. 33 போன்ற வேறு நெல்வகைகள்.

பூச்சி தன் பன்மையைத் தானே காத்துக்கொள்கிறது, நெல் அப்படியன்று. நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், ஒரு வகைக்குள் வேறுபாடு மிகக் குறைவு. வகைக்கும் வகைக்கும் இடையில்தான் பன்மை இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி, கருங்குறுவை என ஒவ்வொன்றும் தனித்தனிக் களஞ்சியம். சாதாரணக் குதிரில் வைத்த விதைநெல் சில ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆகவே, ஒரு வகையை யாரும் சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால், அது ஒளிந்திருக்க வேறிடம் இல்லை. ஒரு பூச்சியின் உடலுக்குள் ஒடுங்கு மாற்றுரு மறைந்திருப்பதுபோல நெல்லுக்கு மறைவிடம் அமையவில்லை. உழவரின் கைதான் அதன் மறைவிடம்.

திருத்துறைப்பூண்டிப் பகுதியின் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவில் ஒரு வழக்கம் இருந்தது. அவர் 2018இல் மறையும் வரை 170க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் தேடிச் சேர்த்திருந்தார். விழாவுக்கு வரும் உழவர்க்கு ஒரு வகையில் இரண்டு கிலோ விதை தரப்படும். விலை இல்லை. அதை விதைத்து, அறுத்து, அடுத்த ஆண்டு விழாவுக்கு நான்கு கிலோவாகக் கொண்டுவந்து தர வேண்டும். அந்த நான்கு கிலோ வேறு இரண்டு உழவர்களின் வயலுக்குப் போகும்.